சார்ட் சூப்பரா இருக்கு... கச்சிராயபாளையத்தில் திறக்குமா?

டி3-யா, சார்ட்.ஜேஎஸ்-ஆ, இ-சார்ட்ஸா? வெப் டெவலப்பர்கள் கூடும் இடத்தில் இந்தப் பஞ்சாயத்து ஓயவே ஓயாது. கிட்ஹப்பில் யாருக்கு ஸ்டார் அதிகம் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலானோர். அது தப்பான அளவுகோல் என்பது என் கருத்து. ஏன் என்று ஒரு சின்ன உதாரணத்தோடு பார்ப்போம்.

கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையம் அருகே கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. முழு உயரம் 46 அடி. இதன் நீர்மட்டத்தைத் தினமும் காட்டும் ஒரு வெப் பக்கம் செய்யணும். வாசகர் யார்? கரும்போ நெல்லோ போட்டிருக்கும் விவசாயி, அல்லது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் நிலவரம் பார்க்கும் அவருடைய மகள். சரி, எதை எடுக்கலாம்?

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம்

டி3: 2011-ல் வந்தது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மைக் போஸ்டாக். பிறகு நியூயார்க் டைம்ஸ் கிராஃபிக்ஸ் குழுவில் வேலை செய்தவர். இது ரெடிமேட் சார்ட் தராது. கோடு, வட்டம், அச்சு என்று ஒவ்வொன்றையும் நாமே கட்டணும். சுதந்திரம் அதிகம், வேலையும் அதிகம்.

சார்ட்.ஜேஎஸ்: பத்து வரி கோடில் சார்ட் ரெடி. ஆனால், கேன்வாஸில் வரைவதால் சார்ட்டுக்குள் இருக்கும் எழுத்து வெறும் படம்தான். காப்பி பண்ண முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் படிக்காது.

இ-சார்ட்ஸ்: சீனாவின் பைடு நிறுவனத்தில் பிறந்து, இப்போது அப்பாச்சி அறக்கட்டளையிடம் இருக்கிறது. மேப் முதல் நெட்வொர்க் வரை எல்லாம் உண்டு. ஆனால் முழுசாக இறக்கினால், சுருக்கிய ஃபைலே சுமார் 1 எம்பி.

பஸ் ரூட், உறவுமுறை மாதிரி புள்ளிகளையும் இணைப்புகளையும் காட்டும் 'கிராஃப்' வேண்டுமென்றால் அது வேறு குடும்பம். சைட்டோஸ்கேப்.ஜேஎஸ், சிக்மா.ஜேஎஸ் போன்றவை அதற்கானவை. ஆயிரக்கணக்கான புள்ளிகள் என்றால் வெப்ஜிஎல்லில் ஓடும் சிக்மா தாங்கும். அணை நீர்மட்டத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

ஒரே டேட்டா, இரண்டு கதை

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீர்மட்டம் ஒரு வாரத்தில் 40 அடியிலிருந்து 44 அடிக்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். சார்ட்.ஜேஎஸ் லைன் சார்ட், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அச்சை 40-க்குப் பக்கத்தில் தொடங்கிவிடும். கோடு செங்குத்தாக ஏறும். பார்த்தால் வெள்ளம் வரப்போகிற மாதிரி இருக்கும். இ-சார்ட்ஸ் அதே டேட்டாவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கோடு கிட்டத்தட்ட படுத்திருக்கும். 'ஒண்ணும் பெரிசா நடக்கல' என்று தோன்றும்.

இரண்டும் பொய் இல்லை. ஆனால் கரையோரத்தில் இருப்பவருக்கு இரண்டும் போதாது. அவருக்குத் தெரிய வேண்டியது, 46 அடிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது. அந்த 46-ல் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். எந்த லைப்ரரியும் அதைத் தானாகப் போடாது. அணையைத் தெரிந்த ஆள்தான் போடணும்.

தமிழ் எழுத்தை வெட்டாதீங்க

'கச்சிராயபாளையம்' என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: 9 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 15 என்று சொல்லும். புள்ளி, கொக்கி, துணைக்கால் எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'லேபிள் நீளமா இருக்கு, 14-ல் வெட்டு' என்று கோடு எழுதினால், கடைசி மெய்யின் புள்ளி பறந்து 'கச்சிராயபாளையம' என்று நிற்கும். ஆங்கிலத்தில் வராத இந்தப் பிரச்சினையை லைப்ரரிகளின் டெமோ பக்கத்தில் நீங்கள் பார்க்கவே முடியாது. பிரவுசரிலேயே இருக்கும் இன்டில் செக்மென்டர் எழுத்தைச் சரியாகப் பிரிக்கும், அதைப் பயன்படுத்தலாம்.

எண்களிலும் இதே கதை. டி3 எதுவும் சொல்லாவிட்டால் 100,000 என்று போடும். நமக்கு 1,00,000 வேண்டும். சார்ட்.ஜேஎஸ்ஸில் மொழி அமைப்பை மாற்றினால் ஒரே வரியில் வந்துவிடும். டி3-யில் கமா எங்கே விழணும் என்று நாமே எழுதிக் கொடுக்கணும்.

மேப்பில் மாவட்டமே இல்லை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். அதுவரை விழுப்புரத்தோடு இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. அந்தப் பழைய எல்லைகளோடு உள்ள மேப் ஃபைலை இறக்கிப் போட்டால், லீஃப்லெட்டாக இருந்தாலும் டி3-யாக இருந்தாலும், கள்ளக்குறிச்சி விழுப்புரத்துக்குள் காணாமல் போகும். லைப்ரரியை ஒப்பிட ஒரு வாரம் செலவழிப்பவர்கள், மேப் ஃபைல் எந்த வருஷத்தது என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஒதுக்குவதில்லை.

ஓப்பன் சோர்ஸ் என்றால் எப்போதும் இலவசமா?

இல்லை. மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் மேப்பாக்ஸ் ஜிஎல் லைப்ரரியின் லைசென்ஸை இரண்டாம் பதிப்பில் மாற்றியது. அது இனி ஓப்பன் சோர்ஸ் இல்லை. பழைய பதிப்பை எடுத்து டெவலப்பர்கள் உருவாக்கியதுதான் மேப்லிப்ரே. கோடு திறந்திருந்ததால்தான் அது சாத்தியமானது. ஹைசார்ட்ஸும் இலவசம் போலத் தெரியும். வணிகப் பயன்பாட்டுக்குக் காசு கட்டணும். ஆகவே லைசென்ஸ் ஃபைலை முதல் நாளே படியுங்கள்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளம், ரியாக்ட்டும் டி3-யும் வைத்துக் கட்டப்பட்டது. 2021 அக்டோபர் 31-ல் அப்டேட்டை நிறுத்தினாலும், கோடும் டேட்டாவும் எல்லோருக்கும் திறந்தே இருந்தன.

அப்போ, எதைத்தான் எடுக்கிறது?

கோமுகி அணைப் பக்கத்துக்கு என் ஓட்டு: ரியாக்ட் வேண்டாம். ஒரு சார்ட், நான்கு எண் உள்ள பக்கத்துக்கு அது தேருக்கு அச்சாணி இல்லை, தேர்மேல் ஏற்றிய இன்னொரு தேர். நாளுக்கு ஒருமுறை மாறும் டேட்டாதானே? சர்வரிலேயே டி3 வைத்து எஸ்விஜி படமாக வரைந்து வைத்துவிடலாம். வாசகரின் போனுக்கு லைப்ரரியே போகத் தேவையில்லை; சில கேபியில் முடிந்துவிடும். தேதியைத் தட்டித் தகவல் பார்க்கும் வசதி வேண்டுமென்றால் சார்ட்.ஜேஎஸ்ஸில் தேவையான பகுதியை மட்டும் சேருங்கள். இடத்தைக் காட்ட மேப் வேண்டுமென்றால் சுமார் 42 கேபியில் லீஃப்லெட் இருக்கிறது. பெரிய டேஷ்போர்டு, அலுவலக கம்ப்யூட்டரில் பார்ப்பது என்றால் இ-சார்ட்ஸ் தாராளமாக எடுக்கலாம்.

எதை எடுத்தாலும், ஆபீஸ் வைஃபையில் பார்த்து 'வேகமா இருக்கு' என்று முடிவு கட்டாதீங்க. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் ரோட்டில் ஒருமுறை திறந்து பாருங்கள். சிக்னல் ஒரு கட்டையில் நிற்கும்போதும் நீர்மட்டம் தெரிகிறதென்றால், நீங்கள் எடுத்த லைப்ரரி சரியானதுதான்.