கப்பலில் வந்தவரும் கரையில் இருந்தவளும்

என் பால்ய சினேகிதர் ஒருவர் புதுச்சேரி கிரியோல் குடும்பத்துக்காரர். "எங்க வம்சத்தை இங்கே ஆரம்பிச்சவர் பிரெஞ்சுப் பிரபு" என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார். சென்ற மாதம் அதைத் தேடிப் பார்க்க என்னை அழைத்தார். பிரெஞ்சில் படித்த பழைய குமாஸ்தாவுக்கு அந்தக் காலத்துக் கையெழுத்து பழகினதுதானே!

காலனிப் பதிவேடுகளுக்குப் பிரதி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இல் பதினாறாம் லூயி ஆணையிட்டார். அப்படிப் போனவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணினியிலேயே பார்க்கலாம்.

மூன்றாம் நாள் கல்யாணப் பதிவு கிடைத்தது. மாப்பிள்ளை பிரபு இல்லை. பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகத்து ஆள், சாதாரண சொல்தா. நண்பர் முகம் வாடிவிட்டது.

எனக்கு வருத்தம் வேறு. மாப்பிள்ளைக்கு ஊர், தகப்பன், தாய் எல்லாம் எழுதியிருந்தது. பெண்ணுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே. அந்த வரியை நண்பர் படிக்கவே இல்லை.

வேரைத் தேடுவது நல்ல காரியம். ஆனால் கப்பலில் வந்தவர் பாதி வேர்தான். பிள்ளை பெற்று வளர்த்தவள் மறு பாதி. உங்களுக்குத் தெரிந்த பாட்டிமார் பெயர்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவேடு செய்த தவற்றை நாமும் செய்ய வேண்டாம்.