கேன் தண்ணியும் கேலக்ஸியும்

"பட்டனை அமுக்கினா மெஷினே தேடுது, மெஷினே எடுக்குது, மெஷினே படத்தைக் கழுவித் துடைச்சுத் தருது. இதுல உன் வேலை என்னடி?"

மொட்டை மாடியில் எடுத்த கேலக்ஸி படத்தை வகுப்பில் காட்டினால் முதலில் வரும் கேள்வி இதுதான். அடுத்த கேள்வியும் தயாரா இருக்கும்: "நெட்ல தேடினா இதைவிட சூப்பரா ஹப்பிள் படமே கிடைக்குதே?" ஸ்மார்ட் டெலஸ்கோப் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஆனா அது இந்த ரெண்டும் இல்லை. முதலில் இதை முடிச்சுட்டு அதுக்கு வர்றேன்.

தெரியாதவங்களுக்காக: ஸ்மார்ட் டெலஸ்கோப் என்பது கண்ணை வச்சுப் பார்க்கும் குழாய் இல்லை. கண் வைக்க இடமே கிடையாது. எங்க அண்ணன் வாங்கி வச்சிருக்கறது ஸீஸ்டார் எஸ்50. 2023ல வந்தது, ரெண்டரை கிலோ எடை, முன்னாடி 50 மில்லிமீட்டர் லென்ஸ், உள்ளே ஒரு சின்ன கேமரா சென்சார், கீழே மோட்டார். விலை ஒரு நல்ல செல்போன் விலை. போன்ல பேரைத் தட்டினா, தெரியற நட்சத்திரங்களை வச்சு தான் எங்கே பார்க்கிறோம்னு தானே கண்டுபிடிச்சு, கேலக்ஸி பக்கம் திரும்பி, பத்து பத்து செகண்டா படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டே போகும். முதல் படத்தில் வெறும் சாம்பல் கலர்தான். பத்து நிமிஷத்தில் ஒரு பஞ்சு. ஒரு மணி நேரத்தில் பஞ்சுக்குக் கை முளைச்சிருக்கும்.

இந்த அடுக்கல்தான் மொத்த விஷயமும். இது மாயமந்திரம் இல்லைங்க, நம்ம பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் பாஸ் மார்க்குக்காகப் படிச்ச அதே கணக்கு. ஒரு உதாரணத்துக்கு எண் போட்டுப் பார்ப்போம். பத்து செகண்டில் சென்சாரின் ஒரு புள்ளியில் நகர வானத்தின் வெளிச்சம் 1,000 துளி விழுதுன்னு வைங்க. கேலக்ஸியின் மங்கலான ஓரத்தில் இருந்து 10 துளி. ஆயிரத்தில் பத்து தெரியாதான்னு கேட்கலாம். அந்த ஆயிரம் நிலையா ஆயிரமா இருந்தா தெரியும். ஆனா ஒளி மழைத்துளி மாதிரி, ஒரு தடவை 970, இன்னொரு தடவை 1,030 விழும். இந்த ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், அதாவது சுமார் 32. முப்பத்திரண்டு ஆடுற இடத்தில் பத்து எப்படித் தெரியும்? நூறு படம் அடுக்கினா கேலக்ஸி 1,000 ஆகுது, ஆட்டம் 320க்குப் பக்கத்தில்தான் நிக்குது. இப்போ தெரியும். சிக்னல் நூறு மடங்கு வளர, இரைச்சல் பத்து மடங்குதான் வளருது. இந்த வித்தியாசத்தில்தான் ஸ்மார்ட் டெலஸ்கோப்பின் பிழைப்பே ஓடுது.

அயர்லாந்தில் ரோஸ் பிரபு 1845ல, 72 அங்குலக் கண்ணாடி வச்ச ராட்சச தொலைநோக்கியில் எம்51 என்ற கேலக்ஸியைப் பார்த்து, அதுக்குச் சுருள் கைகள் இருக்குன்னு பென்சிலில் வரைஞ்சார். கேலக்ஸியில் சுருளை மனுஷன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கண்ணாடியின் பரப்பு எங்க மாடியில் இருக்கற லென்ஸைவிடச் சுமார் 1,300 மடங்கு. இருந்தும் அதே சுருளை, இரண்டு கோடிக்கும் மேல் ஒளியாண்டு தள்ளி இருக்கறதை, இந்தக் குட்டி டப்பா சென்னை வானத்தில் இருந்து காட்டிடுது. காரணம், கண்ணுக்கு வெளிச்சத்தைச் சேமிக்கத் தெரியாது. ஒரு நொடிகூட வச்சிருக்காது, வந்ததை உடனே செலவழிச்சிடும். சென்சாருக்கு உண்டியல் புத்தி.

அதனால இது ஏமாத்து வேலை இல்லை. 2023ல ஒரு போன் நிலாவைப் படம் எடுக்கும்போது, லென்ஸில் விழாத பள்ளங்களைத் தானா வரைஞ்சு சேர்க்குதுன்னு பெரிய சர்ச்சை வந்ததே, அதுதான் ஏமாத்து வேலை. அடுக்கல்ல இல்லாத ஒண்ணும் சேராது, நிஜமா வந்து விழுந்த ஒளி மட்டும்தான். (டெலஸ்கோப் ஆப்பிலும் இரைச்சலை அழகா நீக்கித் தர்றேன்னு ஒரு செயற்கை அறிவு பட்டன் இருக்கு. நான் அதைத் தொடறதில்லை. கொஞ்சம் பொரிபொரியா இருந்தாலும் அது என் கேலக்ஸி.) ஹப்பிள் படத்தோடு போட்டி போடற ஆசையும் இல்லை. சச்சின் ஆடறார்னு நாம தெருவில் கிரிக்கெட் ஆடாமலா இருந்தோம்?

சரி, என் வருத்தத்துக்கு வர்றேன்.

மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை, வேற ஊரில் போடுங்க. நகர நடுவில் வானம் ஒரு நல்ல இருட்டு ஊரைவிட 25 மடங்கு வெளிச்சம்னு வைங்க, இது மிகைப்படுத்தின எண் இல்லை. அப்போ அந்த ஊரில் பத்து செகண்டுக்கு வானத்தில் இருந்து வர்றது 1,000 இல்லை, 40தான். கேலக்ஸி அதே பத்து. அங்கே நூறு படம், அதாவது 17 நிமிஷத்தில் கிடைக்கிற தெளிவு, இங்கே கிடைக்கணும்னா இரண்டாயிரம் படத்துக்கு மேல் வேணும். ஐந்தரை மணி நேரம். டப்பா அதே, கேலக்ஸி அதே. மிச்ச அஞ்சேகால் மணி நேரமும் நான் கட்டற வரி. அந்த வரி வீணா மேலே பார்த்து எரியற விளக்குகளுக்குப் போகுது, ரசீதுகூட இல்லாம.

அஞ்சரை மணி நேரம் ஒரே ராத்திரியில் கிடைக்கவும் கிடைக்காது. கேலக்ஸி கிழக்குப் பக்கத்துத் தென்னை மரத்தைத் தாண்டி, மேற்குப் பக்கத்துத் தண்ணி டேங்குக்குப் பின்னால் போறதுக்குள் எடுக்கணும். ரெண்டு மூணு ராத்திரி சேர்க்கணும். மேகம் வந்தா அதுவும் போச்சு.

"ஃபில்டர் போட்டா சரியாகிடாதா?" நல்ல கேள்வி. டப்பாவுக்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கு. அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் விடற ஒண்ணு ரெண்டு நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தள்ளிடும். ஓரியன் நெபுலா மாதிரி ஒளிரும் வாயு மேகங்களுக்கு அற்புதம். கேலக்ஸிக்கு உதவாது. கேலக்ஸி என்பது ஆயிரக்கணக்கான கோடி நட்சத்திரங்களின் கலவை, அதன் வெளிச்சம் எல்லா நிறத்திலும் வருது, எதை விடறது எதைத் தள்ளறது? பழைய சோடியம் விளக்கு இருந்த வரைக்காவது கொஞ்சம் பிழைப்பு இருந்தது, அந்த மஞ்சள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிஞ்சிருக்கும், வெட்டிடலாம். வெள்ளை எல்ஈடி கேலக்ஸி மாதிரியே எல்லா நிறத்திலும் பரவி நிக்குது. 2015ல ஆரம்பிச்ச மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் தெருவிளக்கு எல்ஈடியா மாறிடுச்சு. மின்சாரம் மிச்சம், சந்தோஷம், அதில் எனக்குச் சண்டை இல்லை. மிச்சமான காசில் இன்னும் ரெண்டு விளக்கு சேர்த்துப் போடறாங்க பாருங்க, அங்கேதான் சண்டை.

இப்போ தலைப்புக்கு வந்தாச்சு. குழாய்த் தண்ணி கலங்கலா வந்தப்போ நாம என்ன பண்ணினோம்? முதலில் சண்டை போட்டோம். அப்புறம் கேன் வந்துச்சு. காசு இருக்கறவங்க கேன் வாங்கிட்டு அமைதியாகிட்டாங்க. கரண்ட் போனப்போ இன்வெர்ட்டர். ஒவ்வொரு தடவையும் பொதுவில் கெட்டுப்போனதுக்குத் தனியா ஒரு டப்பா வாங்கி வீட்டுக்குள் வச்சுக்கிட்டோம். யாருக்கு வாய் இருக்கோ, யார் கேட்டா காது கொடுப்பாங்களோ, அவங்க டப்பா வாங்கினதும் கேள்வி கேட்கறதை நிறுத்திடறாங்க. ஸ்மார்ட் டெலஸ்கோப்பும் அப்படி ஒரு வாட்டர் கேன் ஆகிடுமோங்கறதுதான் என் பயம். "நகரத்துக்குள் இருந்தே கேலக்ஸி எடுக்கலாம்"னு விளம்பரம் பார்க்கும்போது எனக்கு மினரல் வாட்டர் விளம்பரம்தான் ஞாபகம் வருது. விளம்பரத்தில் பொய் இல்லை. எடுக்கலாம்தான். ஆனா பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்கற உரிமைக்கு அது மாற்று இல்லையே? பால்வீதிக்கு டப்பாவே வேணாம், காசே வேணாம். பொருளாதாரப் பாடத்தில் பொதுப் பண்டம்னு சொன்னாங்களே, ஒருத்தர் பார்த்தா இன்னொருத்தருக்குக் குறையாதுன்னு, அதுக்கு வானத்தைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அடுத்த பக்கத்தில் புறவிளைவுக்கு ஆலைப்புகையைப் போட்டிருப்பாங்க. விளக்கையும் போடலாம்.

2023 ஜனவரியில் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2011ல இருந்து 2022 வரைக்கும் சாதாரண மக்கள் தங்கள் கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரியுதுன்னு அனுப்பின குறிப்புகளை வச்சுப் பார்த்தா, வானம் வருஷத்துக்குச் சராசரியா 9.6 சதவீதம் வெளிச்சமாகிக்கிட்டே வருதாம். குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில் இருந்து வந்தவை. பிகாம் பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, 72ஐ 9.6ஆல் வகுங்க: ஏழரை வருஷத்தில் இரட்டிப்பு. (ஏழரை! சனி சும்மா விடுவாரா.) பேங்கில் நமக்கு யாரும் தராத கூட்டு வட்டி.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில் பாதுகாப்பு. எதிர் அபார்ட்மெண்டில் கார் நிறுத்தற இடத்துக்கு ரெண்டு எல்ஈடி ஃபிளட்லைட் போட்டாங்க, ரெண்டும் பாதி வானத்தைப் பார்த்து. செகரட்டரி அங்கிளிடம் போய், கொஞ்சம் கீழே திருப்ப முடியுமான்னு கேட்டேன். "ஏம்மா, பொண்ணா இருந்துக்கிட்டு நீயே லைட்டு வேணாங்கறியா? நாலும் நடக்கற காலம்மா" என்றார். நியாயமான கேள்விதான், எனக்குக் கோபம் வரலை. டியூஷன் முடிஞ்சு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடக்கறவள் நான். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்றேன்: "லைட்டு வேணாம்னு சொல்லலை அங்கிள், லைட்டு கீழே வேணும்னு சொல்றேன். இப்போ உங்க லைட்டு என் கண்ணில் அடிக்குது. அதுக்குப் பின்னாடி யார் நின்னாலும் எனக்குத் தெரியாது." அவரையே கேட்டுக்குப் பக்கத்தில் நிக்கச் சொல்லி, நான் மதிலோரம் போய் நின்னேன். நான் நிக்கறது அவருக்குத் தெரியலை. அடுத்த வாரம் ஒரு விளக்கு கீழே திரும்பிடுச்சு. இன்னொண்ணுக்கு ஏணி எட்டலையாம். ஒரு விளக்கால் சென்னை வானம் இருட்டாகிடாதுன்னு எனக்கும் தெரியும். என் படத்தில் ஒரு ஓரமா ஏறிக்கிட்டிருந்த வெள்ளை மங்கல் போயிடுச்சு, அந்த மதிலோரமும் இப்போ தெரியுது.

விளக்குக்கு ஒரு குல்லா, கீழ் நோக்கின முகம், ஆள் இல்லாத நேரத்தில் மங்கல், முடிஞ்சா வெள்ளைக்குப் பதில் மஞ்சள். இதுக்கு விஞ்ஞானியெல்லாம் வேணாம், எலக்ட்ரீஷியன் போதும். அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் 1958லயே விளம்பர சர்ச்லைட்டுக்குத் தடை போட்டாங்க. 2001ல உலகத்தின் முதல் இருட்டு வான நகரம்னு பேரும் வாங்கினாங்க. நம்ம நாட்டில் லடாக்கின் ஹான்லே 2022 டிசம்பரில் இருட்டு வானக் காப்பகமா அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனா காப்பகம்னா புலிக்குப் போடற மாதிரி ஆகிடுச்சே, நட்சத்திரம் பார்க்கணும்னா லடாக்குக்கு டிக்கெட் போடணுமா? நம்ம ஜவ்வாது மலையில் காவலூரில் 1968ல இருந்து வான் ஆய்வகம் இருக்கு, 1986ல 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்தாங்க. மலையைச் சுத்தி இருக்கற ஊர்களெல்லாம் வளர்ந்துக்கிட்டே இருக்கு. அங்கே குல்லா போட்ட விளக்கு வந்தா யாருக்கு நஷ்டம்?

இவ்வளவு புலம்பிட்டு டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லுவேன்னு நினைச்சீங்களா? மாட்டேன். வாட்டர் கேனுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கேன் குழாயை மறக்க வைக்கும். இதை வச்சுக் குழாய் எவ்வளவு கலங்கல்னு அளந்தே காட்டலாம். ஒரே கேலக்ஸி, ஒரே நூறு படம், ரெண்டு ஊர். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுக் காட்டினா வார்டு கவுன்சிலருக்கும் புரியும். அதனால ஆளுக்கொண்ணு வாங்கறதைவிட, காலேஜ் ஒண்ணு வாங்கி ஊர் ஊரா கொண்டுபோறது உத்தமம். அறுபது பேர் வகுப்பில் தலைக்கு எவ்வளவு வரும்னு நீங்களே வகுத்துக்கங்க, அதுவும் ஹோம்வொர்க்.

எடுக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு, எந்த வெளிநாட்டு கைடிலும் இருக்காது. சிம்ம ராசியில் இருக்கற லியோ டிரிப்லெட், மூணு கேலக்ஸி ஒரே சட்டத்தில் அடங்கும், சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டு தூரம். சென்னைக்கு அது சரியா உச்சந்தலைக்கு மேல வரும். உச்சி இருட்டான இடம்தானேன்னு அப்போ எடுக்காதீங்க. இந்த டப்பாவின் மோட்டார் மேலே கீழே, இடம் வலம்னு ரெண்டே திசையில் திரும்பறது. நேர் உச்சியில் படம் பம்பரமா சுத்தும், பாதிப் படத்தை டப்பாவே தூக்கிப் போட்டுடும். மார்ச் நடுவில்னா ராத்திரி எட்டரையில் இருந்து பத்தேகால் வரைக்கும், அது கிழக்கில் ஏறும்போதே எடுத்துடுங்க. ஆண்ட்ரோமெடாவை நம்பி இருக்காதீங்க, அதன் சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வரும்.

திருப்பத்தூர், ஆலங்காயம் பக்கம் மொட்டை மாடி இருக்கற நல்ல உள்ளங்கள் யாராவது இருந்தா சொல்லுங்க. டப்பா, ஸ்டாண்டு, பவர்பேங்க் எல்லாம் நாங்க கொண்டு வர்றோம். அமாவாசையை ஒட்டின ஒரு சனிக்கிழமை போதும். எனக்கு அந்த 17 நிமிஷத்தைப் பார்த்தாகணும்.