இறுக்கினால் போதுமா?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், வீட்டுக் கத்திக்கு நானே பிடி போட்ட கதையை நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஓர் அன்பர் நீளமான கண்டனம் அனுப்பியிருக்கிறார். கதை எழுதுகிறவன் கதை எழுதினால் போதும், பட்டறை வேலை பட்டறைக்காரனுக்கு என்பது அவர் கட்சியில் ஒரு பாதி. பலகையும் போல்ட்டும் வைத்து நான் செய்துகொண்ட கிளாம்ப் வெறும் விளையாட்டுச் சாமான், கடையில் விற்கும் இரும்புக் கிளாம்பின் பலம் அதற்கு ஏது என்பது மறு பாதி.

முதல் பாதிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதை என் வீட்டாரே இருபது வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதை விடுவதற்கில்லை. அது கையை வெட்டுகிற தவறு.

அந்தக் கத்தி என் தாயார் காலத்தது. ஊர்க் கொல்லர் லாரிப் பட்டையில் அடித்துக் கொடுத்தது. பிடியின் மரம் வெடித்துப் போனபோது, அன்பரைப் போலத்தான் நானும் நினைத்தேன். ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த இரும்புக் கிளாம்ப் ஒன்றை வாங்கி வந்தேன். கருவேலங்கட்டையில் இரண்டு பட்டை இழைத்து, கத்தியின் வாலுக்கு இரண்டு பக்கமும் பசை தடவி வைத்து, கம்பியைக் கோத்து மூச்சைப் பிடித்துக் கொண்டு திருகினேன். பசை நாலு பக்கமும் வழிந்தது. வழிந்ததைப் பார்த்து எனக்கு ஏகப் பெருமை.

மூன்றாம் மாதம் என் மனைவி பறங்கிக்காய் நறுக்கும்போது ஒரு பக்கப் பட்டை அப்படியே கழன்று வந்தது. கத்தி கைக்குள் புரண்டது. உள்ளங்கையில் மூன்று தையல். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த பிறகு பட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி பசை இருந்தது. நடுவில் எஃகு துடைத்து விட்டாற்போல் இருந்தது. இருந்த பசையையெல்லாம் நானே பிழிந்து வெளியேற்றியிருக்கிறேன்!

அன்பர் கவனிக்க வேண்டும். தச்சர்கள் பலகையோடு பலகையை வச்சிரத்தாலோ பெவிகாலாலோ ஒட்டும்போது பலமாக இறுக்குகிறார்கள்; அது நியாயம். அந்தப் பசையிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சிக் கொள்கிறது. மரத்தோடு மரம் நெருங்க நெருங்கப் பிடிப்பு கூடும். எஃகு தண்ணீரைக் குடிக்குமா? ஆகவேதான் கத்திப் பிடிக்கு அரால்டைட் மாதிரி, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் பசை வேண்டியிருக்கிறது. 1946இல் அந்தப் பெயர் வெளிவந்தது. இந்த ஜாதிப் பசைக்கு ஆதி, ஸ்விட்ஜர்லாந்தில் பியேர் காஸ்டான் என்ற ரசாயன நிபுணர் பல் கட்டும் வேலைக்காகச் செய்த ஆராய்ச்சி. இது காய்ந்து இறுகுவதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகிறது. இடையில் அது மெல்லிய ஏடாக நின்றே தீர வேண்டும். பட்டைகள் அசையாமல் பொருந்தியிருக்கும்படி பிடித்துக் கொள்ள ஒரு கை இருந்தால் போதும். நசுக்க ஒரு ராக்ஷஸன் தேவையில்லை.

இரும்புக் கிளாம்ப் நசுக்குவது மட்டுமா, ஒரே இடத்தில் நசுக்குகிறது. காலணா அகலத்தில் அது அமுக்க, பட்டையின் இரண்டு நுனியும் தூக்கிக் கொள்கின்றன. ஈரப் பசை மேல் பட்டை வழுக்கிக் கோணுவது வேறு.

என் 'விளையாட்டுச் சாமானை' இப்போது சொல்கிறேன். பழைய மர டென்னிஸ் மட்டைகளை வளையாமல் காக்க, நாலு மூலையிலும் திருகுள்ள ஒரு சட்டத்துக்குள் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுதான் எனக்குக் குரு. ஐந்து அங்குல நீளம், நான்கு அங்குல அகலத்தில் இரண்டு பலகை. அங்குல கனம் இருந்தால் வளையாது. இரண்டையும் சேர்த்து வைத்தே நாலு மூலையிலும் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டு நான் ஒரு ஜோடியைப் பாழாக்கினேன். நாலு போல்ட்டு, வாஷர், விரலால் திருகும்படி காது வைத்த நட்டு. பிடி நடுவில் படுத்துக்கொள்ளும். அலகு இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். பலகையின் உள்பக்கம் பழைய சைக்கிள் டியூப் ஒட்டி, அதன்மேல் மெழுகு தடவிய காகிதம் வைக்கிறேன். டியூப் மேடு பள்ளத்துக்கு இடம் கொடுக்கும். காகிதம் இல்லாவிட்டால் கிளாம்பும் கத்தியும் ஜன்ம பந்தமாகிவிடும். ஸ்பானர் கிட்டே வரக் கூடாது. எதிரெதிர் மூலையாக, விரல் பலத்துக்கு நிறுத்திவிட வேண்டும். ஓரத்தில் சிறு மணியாகப் பசை தலை காட்டினால் சரி. அலகுப் பக்கம் வழிந்ததை அப்போதே துணியால் துடைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும்.

அந்தத் தடவை எஃகை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கியிருந்தால் பசை கொஞ்சம் பிடித்திருக்கும், ஆணி அடித்திருந்தால் பட்டை கழன்றிராது என்று அன்பர் சொல்லக் கூடும். சொல்லட்டும், வாஸ்தவம். இப்போது தேய்த்தும் இருக்கிறேன், பித்தளைக் கம்பியில் இரண்டு ஆணியும் போட்டிருக்கிறேன். ஒட்டும்போது பட்டை நகராமல் அந்த ஆணிகளே காவல். ஆனால் பசையே இல்லாத இடத்தில் உப்புத்தாள் என்ன செய்யும்? ஆணி மட்டும் பிடித்துக் கொண்டிருந்தால், ஒவ்வொரு தடவை கழுவும்போதும் இடுக்கில் தண்ணீர் புகுந்து, உள்ளே துரு ஏறிக் கொண்டே இருக்கும்.

பிடி போட்டு ஒன்றரை வருஷமாகிறது. கத்தி தினமும் சமையலறையில் வேலை செய்கிறது. பறங்கிக்காய்க்கு மட்டும் என் மனைவி இன்னும் அரிவாள்மணையைத்தான் எடுக்கிறாள். அதைப் பற்றி அவளோடு வாதம் செய்ய எனக்கு யோக்யதை இல்லை. அன்பருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், பிடி ஆடுகிற கத்தி ஒன்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம். இரும்புக் கிளாம்ப் கொண்டு வர வேண்டாம். என்னுடையது பரண் மேல் சும்மாதான் கிடக்கிறது.