மண் மூடிய மாளிகை

டான்யூப் ஆறு தெற்கு நோக்கித் திரும்பும் வளைவில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அங்கேரி நாட்டின் விஷெகிராட் நகர். 1335ஆம் ஆண்டு போலந்து, பொகீமியா நாட்டு மன்னர்கள் இங்கு வந்து அங்கேரிய மன்னருடன் உடன்பாடு கண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் மன்னர் மத்தியாஸ் கொர்வினஸ் இவ்வூர் அரண்மனையை இத்தாலியக் கலைப்பாங்கும் கலந்து புதுப்பித்தார். 1536இல் நூலெழுதிய மிக்லோஷ் ஓலா, அதில் 350 அறைகள் இருந்தன என்கிறார்.

1544இல் ஓட்டோமானியப் படை நகரைக் கைப்பற்றியது. அரண்மனை பாழடைந்தது. பின்னாளில் அங்குக் குடியேறியோர் அதன் கற்களைப் பெயர்த்து வீடு கட்டினர். எஞ்சியதை மலைச்சரிவின் மண் மூடியது. அப்படியோர் அரண்மனை இருந்ததா என்றே அறிஞர் சிலர் ஐயுற்றனர். 1934இல் யானோஷ் ஷூலெக் தொடங்கிய அகழாய்வு அவ்வையத்தைப் போக்கியது.

இன்று அங்குச் செல்வோர் காண்பது அகழ்ந்தெடுத்த சுவர்களை மட்டுமன்று. அவற்றின்மேல் புதிதாக எழுப்பப்பெற்ற மண்டபங்களையும் காண்கின்றனர். இது தகுமா? இடிபாடுகளை ஊகத்தால் மீளக் கட்டுதல் கூடாது என்பது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தின் நிலைப்பாடு. ஆயினும், முழங்காலளவுச் சுவரைக் கண்டு மாளிகையை மனத்தில் எழுப்பிக்கொள்ளல் வல்லுநர்க்கே எளிது. பள்ளிச் சிறார்க்கு அது வெறுங்கல். ஆகவே சான்றுள்ள இடத்தில் மீட்டுருவாக்கம் வேண்டத்தக்கதே. ஆனால், பழையது எது, புதியது எது என்பது பார்த்த அளவில் புலப்பட வேண்டும். புலப்படாவிடின், அது வரலாற்றின் பெயரால் நிகழும் ஏமாற்று.

முழுவதையும் புதுக்கிவிடுதலும் பிழையே. புதிய மண்டபம் மன்னரின் செல்வத்தை மட்டுமே உரைக்கும். போரையும், போருக்குப்பின் ஒரு கூரைக்காகக் கல் சுமந்த எளியோரையும் உரைப்பது பெயர்க்கப்பட்ட சுவரே. அவர்களை அழிவு செய்தோர் எனப் பழித்தல் எளிது. கேட்பாரற்றுக் கிடந்த கல்லை அவர்கள் வேறென்ன செய்திருக்க இயலும்?

முற்றத்தின் நடுவே செந்நிறக் கல்லாலான நீரூற்று ஒன்று நிற்கிறது. பலதலைப் பாம்போடு பொருதும் சிறுவன் ஹெர்குலிஸ் அதன் உச்சியில் உள்ளான். அது படி, மூலத்தின் உடைந்த துண்டுகள் அருங்காட்சியகத்தில் உள்ளன. நீரூற்றைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அத்துண்டுகளையும் தேடிச் சென்று காணுதல் வேண்டும். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்தவை அவையே.