ஆசிரியருக்கும் பயிற்சி அவசியம்

இங்கிலாந்தில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு வாழ்க்கைக்குப் போதிய எழுத்தறிவோ கணக்கறிவோ இல்லையென்று 1999-ல் சர் கிளவுஸ் மோசரின் குழு அறிவித்தபோது எழுந்த கவலையின் பலனாகவே, 2001-ல் அரசாங்கம் பெருந்திட்டமொன்றை ஆரம்பித்து, 2007-ல் முதியோருக்குக் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் உரிய தகுதி பெற்றாகவேண்டும் என்று சட்டவிதியும் வகுத்தது. அவ்விதியை 2013-ல் நீக்கிவிட்டார்கள். இது விவேகமான காரியமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலம் அறிந்தவரெல்லாம் அதைப் போதிக்க வல்லவர் என்னும் அபிப்பிராயம் லண்டனில் நம்மவரிடையிலும் உண்டு. செல்டா என்னும் பிரசித்தமான பயிற்சி 120 மணி நேரமே கொண்டது. அதில் நேரில் வகுப்பெடுப்பது 6 மணி நேரம். தாய்மொழியில் படித்துத் தேர்ந்தவருக்கு ஆங்கிலம் கற்பிக்க அது நல்ல தொடக்கந்தான். ஆயினும், யுத்தத்தால் பள்ளிப்படிப்பை இழந்து, எந்த மொழியிலும் சரளமாக வாசித்தறியாமல், ஐம்பது வயதில் ஈஸ்ட் ஹாமில் வகுப்புக்கு வரும் ஒரு தாய்க்கு, பேனா பிடிப்பது முதல் ஒலியையும் எழுத்தையும் இணைப்பது வரை பொறுமையோடு சொல்லித்தர வேறு பயிற்சி வேண்டும். (குழந்தைகளின் பாடப்புத்தகத்தை அவர் கையில் கொடுப்பது அவமரியாதை.)

நீக்கிய விதியை அரசாங்கம் மீண்டும் கொண்டுவர வேண்டும். ஊரில் ஆசிரியராயிருந்து இங்கே கடைகளில் வேலை பார்க்கும் தமிழர், முதியோர் எழுத்தறிவுக்கான பயிற்சியில் சேர முன்வருவாராக. கோயில்களும் சங்கங்களும் அவர்களது கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கட்டும்.