ஸவ்ஸன் பூவும் நமது முற்றமும்



பெண் குழந்தைக்கு ‘ஸவ்ஸன்’ என்று பெயர் வைக்க விரும்பி, அதன் கருத்தைக் கேட்போர் இடைக்கிடை வருவார்கள். லில்லி, ஐரிஸ் ஆகிய இரு பூக்களையும் அரபிகள் இப்பெயரால் அழைத்து வந்துள்ளனர். ஐரிஸில் மட்டும் சுமார் 300 இனங்கள் உண்டு. பெயரைக் கேட்டவருக்குப் பூவைப் பார்க்க ஆசை வரும். பார்த்தவருக்கு வளர்க்க ஆசை வரும். பணம் வீணாவது அதற்குப் பிறகுதான்.

படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் ‘தாடி ஐரிஸ்’. கீழே தொங்கும் இதழ்களின் நடுவே தாடிபோல் மயிர் வரிசை இருப்பதால் இந்தப் பெயர். இது குளிர்காலமுள்ள நாடுகளின் செடி. குளிரில் உறங்கி எழுந்தால்தான் நன்கு பூக்கும். காத்தான்குடியிலும் பேருவளையிலும் நட்டால் இலையைத்தான் பார்க்கலாம். அடைமழை வந்தால் கிழங்கு அழுகிவிடும். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துச் சகோதரிகள் வேண்டுமானால் தாழ்வாரத்து ஓரம் சட்டியில் முயன்று பார்க்கலாம். நடும்போது கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நாள்தோறும் 6 மணி நேர வெயிலும் வேண்டும். இஞ்சியைப் புதைப்பதுபோல் புதைத்தால் காரியம் கெட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் தம்பியிடம் பெட்டிக்குள் ஒரு கிழங்கைப் போட்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதியின்றிச் செடி கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கிழங்கோடு ஒட்டிவரும் நோய் பக்கத்துத் தோட்டத்தையும் அழிக்கும்.

வெள்ளை ஐரிஸின் கதை என்னை மிகவும் கவர்ந்தது. அதன் சொந்த மண் யமனும் சவூதி அரேபியாவும். முஸ்லிம்கள் சென்ற இடமெல்லாம் அதை மையவாடிகளில் நட்டு, ஸ்பெயின் வரை கொண்டுபோனார்கள். (கப்றில் பூச்செடி நடுவதன் சட்டத்தைப் பேச இது இடமல்ல, நடந்ததைச் சொல்கிறேன்.) 1860இல் தாவரவியலார் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டியதும் ஸ்பெயினில் கண்ட செடியை வைத்துத்தான். இந்தச் செடி வித்து விடுவதில்லை. ஆகவே அத்தனை தூரமும் ஒருவர் கிழங்கைப் பிரித்துக் கொடுக்க, மற்றவர் வாங்கி நட்டே அது போயிருக்க வேண்டும்.

சரி, நமது வெப்பத்துக்கு எது பொருந்தும்? செம்மஞ்சள் பூவில் சிவப்புப் புள்ளிகள் சிதறிய ஒரு வகை உண்டு. இலைகள் விசிறிபோல் விரிந்திருக்கும். காய் வெடித்தால் கறுப்பு வித்துகள் கொத்தாகத் தெரியும். முன்பு வேறு இனமாக வைத்திருந்த இதனை 2005இல் ஐரிஸோடு சேர்த்துவிட்டார்கள். வித்திலும் வரும், கிழங்கிலும் வரும். அடுத்தது ‘நடக்கும் ஐரிஸ்’. இது ஐரிஸின் சொந்தக்காரச் செடி, தென்னமெரிக்கப் பக்கத்தது. பூத்த தண்டின் நுனியில் குட்டிச் செடி முளைத்து, பாரத்தால் சாய்ந்து, தொட்ட மண்ணில் வேர் பிடிக்கும். அரை நிழலும் போதும். இரண்டின் பூவும் ஒரு நாளைக்குத்தான். ஆனால் அடுத்தடுத்து மொட்டு வரும்.

மண்ணில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்தால் போதும். செடி நெருங்கியதும் கிளப்பிக் கிழங்கைப் பிரித்து, இலையைப் பாதியாக வெட்டி நடுங்கள். மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐரிஸ் கிழங்கு நச்சுத்தன்மை உள்ளது. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். குசினிக்கருகே இஞ்சிப் பாத்தியை ஒட்டி நடாதீர்கள். தவழும் பிள்ளைக்கும், உழ்ஹிய்யாவுக்கென்று முற்றத்தில் கட்டும் ஆட்டுக்கும் எட்டாத மூலையாகப் பாருங்கள்.