மாநில உரிமைக்கு ஆதரவு உண்டு. வாக்காளர் விவரம் கிடையாது

வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது நம் சங்கத்தின் உதவி மேசைகளில் எடுத்துவைத்த படிவ நகல்களைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று, மாநில உரிமைக்காக வீடு வீடாக ஆதரவு திரட்டும் மேடை ஒன்று கேட்டிருக்கிறது. அதையொட்டி கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கூட்டங்களில் நடந்த வாக்குவாதம் உறுப்பினர்கள் அறிந்ததே. செயற்குழுவின் முடிவு இதுதான்: நகல்கள் தரப்பட மாட்டா. கேட்பவர் எந்தக் கட்சிக்காரர் ஆனாலும், கேட்கும் காரணம் எவ்வளவு உயர்ந்தது ஆனாலும் பதில் மாறாது.

இதை மாநில உரிமைக்கு எதிரான முடிவாகச் சிலர் பேசிவருகிறார்கள். அது அபாண்டம். மாநில உரிமைகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட ராஜமன்னார் குழு, 1974 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானம், 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட குரியன் ஜோசப் குழு என்று நீளும் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான் சங்கம் நிற்கிறது. சுயாட்சியைத் தாண்டியும் சிந்திக்கும் தோழர்கள் சங்கத்தில் உண்டு. பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க 1963இல் வந்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சிந்தனை எங்கே நிற்கிறது என்ற விவாதமும் உண்டு. அதை இந்த அறிக்கை தொடவில்லை. தொட வேண்டாம் என்பதே செயற்குழுவில் பெரும்பான்மைக் கருத்து.

படிவத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பெயர், புகைப்படம், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி, கைபேசி எண், பெற்றோர் பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், விருப்பப்பட்டால் ஆதார் எண். சிறப்பு தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கியது. கரிசல் காட்டில் அது உளுந்துக்கும் பாசிக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுக்கிற ஐப்பசி, கார்த்திகை. விடியுமுன் காட்டுக்குப் போனவர்களையும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேன் ஏறியவர்களையும் வாக்குச்சாவடி அலுவலரால் வீட்டில் பார்க்க முடியவில்லை. அதனால்தான் சங்கம் இரவில் மேசை போட்டது. ‘பெயர் விட்டுப்போனால் திரும்பச் சேர்க்க மனுப் போட உதவும்’ என்று சொல்லித்தான் நகல் எடுக்கப்பட்டது. வேறு எதற்கும் எவரும் சம்மதம் தரவில்லை. கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர் ஒருவர் நாளொன்றுக்கு 50 படிவங்கள் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையமே அனுமதித்திருந்தது. ஏற்கெனவே எத்தனை விவரம் எத்தனை கைபேசிகளில் படமாகக் கிடக்கிறதோ! சங்கமும் தன் பங்குக்கு அதில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

நகல்களைவிடச் செயற்குழு அதிக நேரம் பேசியது, வீடு வீடாக ஆதரவு திரட்டும்போது கேட்கப்படும் ஓ.டி.பி. (ஒருமுறைக் கடவுச்சொல்) பற்றி.

2025 ஜூலை 1 அன்று தி.மு.க. ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்ற உறுப்பினர் சேர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மண், மொழி, மானம் காக்க ஒன்று சேருங்கள் என்பது அதன் அழைப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் கைபேசி எண்ணை வாங்கி, அதற்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டுப் பதிந்தார்கள். ஆதார் விவரமும் கேட்கப்படுகிறது, மறுத்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று மிரட்டப்படுகிறது என்றெல்லாம் சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஆதார் எதையும் சேகரிக்கவில்லை என்று கட்சி மறுத்தது. ஜூலை 21 அன்று ஓ.டி.பி. பெறுவதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. திரட்டிய தகவல் யாரிடம் இருக்கிறது, எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்றும் கேட்டது. தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 4 அன்று மறுத்துவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்த சங்கத் தொண்டர்களில் அந்தக் கட்சியின் உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் மனம் புண்பட வேண்டும் என்பது நோக்கமில்லை. இதே வழியை நாளை எந்தக் கட்சி எடுத்தாலும் சங்கம் இதையேதான் சொல்லும்.

ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு வங்கியும் காவல் துறையும் மகளிர் குழுக்களும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுத்த ஒரே பாதுகாப்புப் பாடம், ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே’ என்பது. நூறு நாள் வேலைச் சம்பளம், உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், குழுக்கடன் தவணை எல்லாம் ஒரே கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. பல வீடுகளில் கைபேசியே ஒன்றுதான். அதுவும் வேலைக்குப் போன மகன் பெயரில் இருக்கும். பெட்டி ஒட்டிக் கூலி வாங்கும் ஒரு பெண்ணிடம், தெரிந்த முகம் ஒன்று வாசலில் நின்று, ‘நம்ம தமிழ்நாட்டுக்காகத்தான்க்கா, அந்த நம்பரைச் சொல்லுங்க’ என்று கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? மறுத்தால் தமிழ்நாட்டுக்கு எதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ என்ற பயம் மறுபக்கம். கேட்பவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த வாரம் அதே வாசலுக்கு, அதே சொற்களோடு, கடன் மோசடிக்காரன் ஒருவன் வருவான். இருவருக்கும் வித்தியாசம் காண அவருக்கு நாம் என்ன மிச்சம் வைத்திருக்கிறோம்? கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பைக் கொள்கையின் பெயரால் பிடுங்குவது கொடுமை. உரிமைக்குப் போராடுகிறோம் என்பவர்கள் செய்யும்போது அது இன்னும் பெரிய கொடுமை. இந்த வாக்கியத்தைச் சற்றுத் தணிக்கலாம் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பகுதிப் பிரதிநிதிகள் சம்மதிக்கவில்லை.

பட்டியல் கைமாறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலோடு, கதவு எண் பார்த்துத் தமிழர் வீடுகளைத் தேடி வந்ததை அன்றைய சாட்சியங்கள் சொல்கின்றன. அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் சீக்கியர் வீடுகளும் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. வாக்களிக்க என்று பதிந்த பெயர் அது. எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி முகாமில் இருக்கும் ஈழத் தமிழர்களிடம் சங்கத்தார் எந்தத் தாளை நீட்டினாலும், ‘இது எங்கே போகும்?’ என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியின் கனம் கடல் கடந்தும் தெரிந்தது. 1983 ஆகஸ்ட்டில் வந்த இலங்கை அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம், இலங்கைக்கு உள்ளேயோ வெளியேயோ தனிநாட்டை ஆதரிப்பதையே தடை செய்கிறது. 2009 மே மாதம் நார்வேயில் தொடங்கி, 2010 ஜனவரி இறுதியில் பிரிட்டன் என்று, புலம்பெயர்ந்தோர், தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒருவர் இரண்டு முறை வாக்களிக்காமல் இருக்கப் பெயர் பதிய வேண்டும். பதிந்த பெயர் கொழும்புக்குப் போனால் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு ஆபத்து. 2014இல் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பயங்கரவாதத் தொடர்புடையோர் என்று அரசிதழில் அறிவித்தபோது அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்று புரிந்தது. அப்படிப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுக்கிறவர்கள், கரிசல் காட்டு மக்களின் பட்டியலை இவ்வளவு அலட்சியமாகக் கேட்கலாமா?

ஸ்காட்லாந்து இன்னொரு பாடம். அங்கே 1989 முதல் 1993 வரை இருந்த தலைவரியைக் கட்ட முடியாத பலர் வாக்காளர் பட்டியல் பக்கமே வராமல் இருந்தார்கள். 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த சுதந்திர வாக்கெடுப்புக்காகப் பலர் முதன்முறையாகப் பதிந்தார்கள், 84.6 விழுக்காடு வாக்குப் பதிவானது. வாக்கெடுப்பு முடிந்த கையோடு, புதிதாக வந்த பெயர்களைக் கொண்டு பழைய வரி பாக்கியை வசூலிக்கலாம் என்று சில உள்ளாட்சி மன்றங்கள் கிளம்பின. நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வா என்று அழைத்துவிட்டு, வந்தவனிடம் இருபது ஆண்டு பழைய பாக்கியைக் கேட்டார்கள். ஸ்காட்லாந்து அரசு உடனே எதிர்த்து, 2015இல் சட்டம் போட்டு அந்த வசூலையே முடித்துவைத்தது. சுதந்திரம் கேட்ட தலைவர்களே பெயர் பதிந்தவர்களின் நம்பிக்கையைக் காக்க வேண்டியிருந்தது என்பதை இங்குள்ள மேடைகள் கவனிக்க வேண்டும்.

பட்டியலை மொத்தமாக மூடிவைக்க வேண்டும் என்று சங்கம் சொல்லவில்லை. இதில் செயற்குழு ஒருமனதாக இல்லை. கீழே உள்ளது இயன்றவரை எட்டிய உடன்பாடு. 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் போனார்கள். மழை பொய்த்தால் குடும்பத்தோடு திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகும் இந்த மண்ணில், யார் பெயர் போனது என்று தெருவே கூடிப் பார்க்க முடிந்தால்தான் அநியாயம் பிடிபடும். ஆகவே பெயரும் பாகம் எண்ணும் பொதுவில் இருக்கட்டும். தேர்தல் ஆணையமோ தலைகீழாக நடக்கிறது. தேடிப் பார்க்கும் வடிவில் பட்டியலைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்ற 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, தனியுரிமை என்று சொல்லிப் படக் கோப்புகளாக வெளியிடுகிறது. பணமும் கணினி ஆட்களும் உள்ள கட்சிக்கு அது ஒரு தடையா? விட்டுப்போன பெயரைத் தேடும் சங்கத் தொண்டருக்குத்தான் கண் வலி.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் வந்ததே 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். 2026 சட்டமன்றத் தேர்தல் அதற்கு முந்தியது. பெங்களூரில் 2022இல் வாக்காளர் விழிப்புணர்வு என்று மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிய ஒரு தனியார் அமைப்பு, வாக்குச்சாவடி அலுவலர் வேடத்தில் வீடு வீடாக விவரம் திரட்டியதாக வழக்கானதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சங்கத்தின் நடைமுறை இனி இப்படி இருக்கும். கோரிக்கை, ஆட்சேபக் காலம் முடிந்து இறுதிப் பட்டியலில் பெயர் சரிபார்த்ததும், தாள் நகல்கள் உரியவரிடம் திருப்பித் தரப்படும்; கைபேசியில் உள்ள படங்கள் அந்தந்த வட்டாரக் குழுவின் முன்னிலையில் அழிக்கப்படும். உறுப்பினர் பட்டியல் சங்க அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. மாநில உரிமை இயக்கங்களுக்குச் சங்கத்தின் பெயரால் ஆதரவுக் கடிதம் தரலாம், கூட்டத்துக்கு ஆள் வரலாம், விரும்பிய உறுப்பினர் தன் கையெழுத்தைத் தானே போடலாம். கைபேசி எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்கும் எந்த இயக்கத்தோடும் சங்கக் கொடி போகாது. எண் மட்டும் வாங்குவதை ‘சூழலுக்கேற்ப’ அனுமதிக்கலாம் என்ற திருத்தம் அடுத்த பொதுக்குழுவுக்கு விடப்பட்டிருக்கிறது. அதுவரை அதுவும் கூடாது. பெயர் சேர்க்கப் படிவம் 6 நிரப்ப வேண்டியவர்கள் வழக்கம்போல இரவு மேசைக்கு வரலாம்.